நாலடி

பதினெட்டாவது கிரீன். கொடிக்குப் பின்னால்
சேற்று நிறத்தில் திரும்புகிறது அம்கேனி ஆறு.
ஆட்டம் சமநிலை.
லோகா ஆறில் முடித்துவிட்டாள். இது என் ஐந்தாவது.
விழுந்தால் கோப்பை,
விழாவிட்டால் மறுபடி முதல் குழியிலிருந்து.
பந்துக்கும் குழிக்கும் நாலடி.
நான் படுத்தால் என் தோள்வரை.

காலையிலிருந்து லோகா பேடயாச்சி
தாராளமாகத்தான் இருந்தாள்.
இரண்டடி என்றால் "எடுத்துக்கோ".
மூன்றடி என்றால் "எடுத்துக்கோ, அதெல்லாம் உனக்கு ஒரு அடியா".
ஏழாவதில் நாலடிக்கு மேலேயே இருந்தது.
அதையும் தந்தாள்.
பந்தியில் கூட ஒரு வடை வைத்தவளிடம் சொல்வதுபோல்
நன்றி சொல்லிக் குனிந்து பொறுக்கினேன்.

இப்போதுதான் உறைக்கிறது:
பதினேழு குழிகளில் ஒருமுறைகூட
என் பந்து விழும் சத்தத்தை நான் கேட்கவில்லை.

லோகா பேசவில்லை.
பையின் ஜிப்பைத் திறக்கிறாள். மூடுகிறாள்.
ஒரு வாழைப்பழத்தை உரிக்கிறாள், மிக மெதுவாக.

"கடல் இழுக்கும், மா" என்கிறான் சாண்டிலே.
டர்பனில் எல்லாப் பந்தும் கடலுக்குத்தான் போகும்;
கேடிகளின் ஒரே சட்டம் அது.
என் கண்ணோ ஆற்றுப் பக்கம் என்கிறது.
புல்லின் நுனிகள் அங்கேதான் சாய்ந்திருக்கின்றன.

நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில்
இருபத்திரண்டு வருடமாகக் குழாய்களின் சரிவை வரைகிறேன்.
நூற்றுக்கு ஒன்று சாய்ந்தால் போதும்,
தண்ணீர் தானே நடக்கும்.
அப்படித்தான் நினைத்திருந்தேன்,
வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் முன்பு பெய்த
அந்த மழை வரை.
தண்ணீர் என் வரைபடத்தைப் படிக்கவே இல்லை.
மேடு என்று நான் எழுதிய இடத்தில்
தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது.
அதற்குப் பிறகு என் கண்ணை
நான் பாதிதான் நம்புகிறேன்.

ஆகவே பந்துக்கும் குழிக்கும் நடுவில்
கோட்டின் இருபுறமும் கால்வைத்து நிற்கிறேன்.
வலது குதிகாலில் கொஞ்சம் கூடுதல் பாரம்.
வலப்பக்கம் கடல்.
சாண்டிலே சொன்னது சரி.
புல் சொன்னதும் பொய்யில்லை, அது பாதியைத் தின்றுவிடும்.
மிச்சம்: இடது விளிம்பு, ஒரு விரல் உள்ளே.

தெரிந்துவிட்டது. தெரிவதில் எனக்கு எப்போதும் கோளாறில்லை.

மனசுக்குள் ஏற்கெனவே மூன்றுமுறை அடித்துவிட்டேன்.
முதலாவது போய்ச் சேரவில்லை.
இரண்டாவது குழியின் உதட்டைச் சுற்றிவந்து
வெளியே நின்று என்னைப் பார்த்தது.
மூன்றாவதை அடித்தது நானில்லை,
இடது மணிக்கட்டு.
அதற்குள் ஒரு மீன் இருக்கிறது.
ஐந்து மாதமாக,
குட்டி அடிகளுக்கு மட்டும் துள்ளுகிறது.
நரம்பில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.
பேனா பிடிக்கையில் வராது, கத்தி பிடிக்கையில் வராது,
இருபதடி பட்டுக்குக்கூட வராது.
தவறினால் வெட்கம் என்ற தூரத்தில் மட்டும்தான்
அதற்கு உயிர்.

இதை லோகாவிடம் சொன்னது நானேதான்.
ஆகஸ்டில், அவள் காரில்,
மடியில் காகிதம் விரித்துச் சில்லி பைட்ஸ் தின்றபடி.
"பாவம்" என்றாள். நிஜமாகவே சொன்னாள்.

பந்தின் பக்கம் வருகிறேன்.
குழியைப் பார்க்கப் போவதில்லை.
பந்து இருந்த இடத்தில் ஒரு காய்ந்த புல் இருக்கும்,
பந்து போனபின் அதைப் பார்க்க வேண்டும்.
கண்ணுக்கு அந்த வேலை.
கைக்கு எந்த வேலையும் கொடுக்கவில்லை,
சும்மா ஊஞ்சலாடட்டும்.
மிச்சம் எல்லாம் காதுக்கு.

காய்ந்த புல்லைப் பார்த்தேன்.
பழுப்பு, நுனியில் மட்டும் வெள்ளை.
ரொம்ப நேரம் பார்த்தேன்.
ஆற்றில் எங்கோ ஒரு படகு மோட்டார்.
லோகா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

பிறகு,
காலி டப்பாவில் ஒரு நெல்லிக்காய்.

சாண்டிலே கொடியைத் தோளில் சாய்த்துச் சிரித்தான்.
லோகா வந்து கைகொடுத்தாள்,
வாழைப்பழப் பிசுக்குடன், இறுக்கமாக.
நான் குனிந்து
ஈரமான குழிக்குள் கையை விட்டேன்.
அங்கே, யாருக்கும் தெரியாமல்,
துள்ளியது மீன்.